சுமைதாங்கி எந்தக் கைப்பக்கம்? ஒரு புகைப்பட அஞ்சலட்டையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் பொழியூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது. ஊரின் பெயரையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

ஊர் நூலகத்துக்கு ஆண்டுமலர் போட ஒரு குழு அமைத்தார்கள். பழைய படங்கள் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டபோது, ஒரு குடும்பம் தங்கள் ஆல்பத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தது. அதில் ஒரு புகைப்பட அஞ்சலட்டை இருந்தது. கடல் பக்கம் சரிந்து போகும் ஒரு கடைத்தெரு. அடியில் வெள்ளை எழுத்தில், கையெழுத்தாக, ஆங்கிலத்தில் 'மெயின் ஸ்ட்ரீட்' என்று மட்டும் இருந்தது. எந்த ஊரின் மெயின் ஸ்ட்ரீட் என்று இல்லை. பழைய படங்களை ஆவணப்படுத்துவதில் சில வருடங்களாக ஈடுபட்டு வருவதால் என்னை அழைத்தார்கள்.

இந்தக் கரையைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர், பிறகு சில வருடங்கள் திருக்கொச்சி (திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த மாநிலம்). அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலருக்கு மலையாள எழுத்து தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. எங்கள் பிழைகளில் ஒன்று நேராக இதிலிருந்து வந்தது.

அட்டையை ஆல்பத்திலிருந்து எடுத்தது

ஒட்டும் தாள் வைத்த ஆல்பம். முப்பது நாற்பது வருடத்தில் அந்தப் பசை இறுகி, அட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போவதற்கு முன்பே, அழுக்கு போகட்டும் என்று ஈரப்பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் புகைப்படத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் அது ஊதும், தேய்த்தால் உரிந்து வரும். பெருவிரல் நகம் அளவுக்குப் படம் போய்விட்டது. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரிகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

மீதியைக் காப்பாற்ற மெல்லிய தங்கூசி நரம்பைப் பயன்படுத்தினோம். தூண்டிலுக்குக் கட்டுகிற அதே நரம்புதான். இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, அட்டைக்கும் ஆல்பத் தாளுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல மெல்ல இழுத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. முதுகில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டாமல் அப்படியே விட்டேன்.

பார்த்தவை

அட்டையின் அளவு மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் பார்த்தபோது அச்சுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆக இது அச்சகத்தில் அடித்த படம் கிடையாது, புகைப்படத் தாளிலேயே கழுவி எடுத்தது. இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி பூத்தாற்போல் ஒரு நீலப் பளபளப்பு. பழைய வெள்ளி உப்புப் படங்களில், அதுவும் கடற்காற்றில் கிடந்தவற்றில், இது வரும். முதுகில் நடுக்கோடு போட்டு ஒரு பக்கம் செய்திக்கும் ஒரு பக்கம் முகவரிக்கும் பிரித்திருந்தது. பிரிட்டனில் 1902 முதல்தான் இப்படிப் பிரித்த முதுகு வழக்கத்துக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை.

அட்டை தபாலில் போகவே இல்லை. போயிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். திருவிதாங்கூருக்கென்று சொந்தமாக 'அஞ்சல்' இருந்தது, 1951 வரை நடந்தது. சங்கு போட்ட அதன் தபால்தலையும் முத்திரையும் அட்டையில் விழுந்திருந்தால் ஊரும் தேதியும் ஒரே நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

முகப்பில் தெரு. நாற்சந்தியில் நின்று கடலைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். வலப்பக்கம் கோயில் (இந்தக் கரையில் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வோம்) மதிலும், மதிலை ஒட்டி ஒரு குருசடியும், அதாவது சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமும். இடப்பக்கம் ஓட்டுக்கூரைக் கடைகள். நிரைப்பலகைகள் பாதி திறந்திருந்தன. கடைகளுக்கு முன்னால் ஒரு சுமைதாங்கி: இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ள நட்டவை அவை. கூடையோடு இரண்டு பெண்கள், முண்டு உடுத்த நான்கு ஆண்கள், ஒரு மாட்டுவண்டி. படம் முழுக்க லேசாக மங்கல். மட்டமான லென்ஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முடிவுகளும் அவற்றின் பிழைகளும்

முதுகின் மூலையில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. குழுவினர் அதை '11 03' என்று படித்து, 1903 நவம்பர் என்று முடிவு கட்டினார்கள். பக்கத்தில் இருந்த கிறுக்கலை யாரும் பொருட்படுத்தவில்லை. நூற்றிருபது வருடப் படம் என்ற மகிழ்ச்சியில், விழாவின் முதல் அழைப்பிதழில் 'நம்மூர் கடைத்தெரு, 1903' என்று போட்டு ஊரெல்லாம் கொடுத்தும் விட்டார்கள். அப்போது நான் இன்னும் முகப்பைக்கூட முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.

அழைப்பிதழைப் பார்த்த பெரியவர்கள் சிலர், "இது நம்ம ஊரு இல்ல" என்றார்கள். ஏனென்றால் எங்கள் தெருவில் கடலைப் பார்த்து நின்றால் கோயில் இடக்கைப் பக்கம், கடைகள் வலக்கைப் பக்கம். படத்தில் எல்லாம் மறுபக்கம்.

எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியிடமும் காட்டினோம். சிறு வயதிலிருந்து மீன்கூடை சுமந்தவர். அட்டையின் பெரிய நகலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நம்ம தெருதான் மக்கா. கூடைய இறக்கி வச்சு எத்தன தடவ நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா குருசடி இந்தக் கைப்பக்கமில்லா இருக்கும்? இத ஆரு மாத்தி வச்சா?" என்று கேட்டார். எங்கள் படிவத்தில் 'அடையாளம் தெரிந்தது', 'தெரியவில்லை' என இரண்டே கட்டங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் 'நினைவு உறுதியில்லை' என்று எழுதினேன். இந்த நிகழ்வில் நான் செய்த மிகப் பெரிய பிழை இதுதான். பாட்டியின் பேச்சில் ஒரு சொல்கூடத் தவறில்லை. பொருட்கள் எல்லாம் சரி, பக்கம் மாத்திரம் மாறியிருக்கிறது என்று அவர் சொன்னார். அதை நான் மறதி என்று எடுத்துக்கொண்டேன்.

நிழலை நம்பியது

ஆட்களின் நினைவை விட வெயிலை நம்பலாம் என்று தோன்றியது. தெரு தென்மேற்காக இறங்குகிறது. மேற்குக் கரை இங்கே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால், கடலுக்கு நேராகப் போகும் தெருக்கள் இப்படித்தான் இருக்கும். படத்தில் சுமைதாங்கியின் நிழலும் ஆட்களின் நிழலும் கிட்டத்தட்ட முழு இடப்பக்கமாக, அவரவர் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்தில் விழுந்திருந்தன. நிழல் இரண்டு மடங்கு என்றால் சூரியன் அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். நிழல் சாய்ந்த திசையை வைத்துப் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய வடமேற்கில், அதாவது மேற்கிலிருந்து வடக்கே 45 பாகை அளவுக்கு விலகி நிற்க வேண்டும்.

அப்படி ஒரு வெயில் இந்த ஊரில் அடிக்காது. ஆனி மாதத்தில்கூட, சாயங்காலம் அந்த உயரத்தில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே 22 பாகை அளவுக்குத்தான் விலகும். ஆனி நண்பகலில் சூரியன் வடக்கே நிற்பது உண்மைதான். ஆனால் அப்போது உச்சியில் இருக்கும், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். நீள நிழலும் அவ்வளவு வடக்கே விலகிய வெயிலும் சேர்ந்து வர இங்கே வழியில்லை.

கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு, 'இந்தப் படம் இந்த ஊரில் எடுத்ததாக இருக்க முடியாது' என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். கணக்கில் பிழை இல்லை. படம் நேராகத்தான் இருக்கிறது என்ற நினைப்பில்தான் பிழை. அதை நான் சோதிக்கவே இல்லை.

அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்ட நிலையில் இந்தக் கடிதம் குழுவை எவ்வளவு சங்கடப்படுத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டையைக் கொடுத்த குடும்பத்துக்கும் மனவருத்தம்.

எல்லைக்கு அப்பால்

இதற்குள் செய்தி உறவுக்காரர்கள் வழியாக நெய்யாற்றின்கரைப் பக்கம் போய்விட்டது. கேரள எல்லை தாண்டி ஒரு கடற்கரை இடவகையிலிருந்து (தேவாலயப் பங்கிலிருந்து), படம் தங்கள் ஊருடையது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே கோயில் வலப்பக்கம், கடைகள் இடப்பக்கம். நகலை எடுத்துக்கொண்டு நானும் குழுவில் ஒருவரும் களியக்காவிளை வழியாகப் போனோம்.

நல்ல மனிதர்கள். தெருவில் நின்று எங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் கடைசியில் நகலை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். "இல்ல சாரே, எங்க பள்ளிக்கு (தேவாலயத்துக்கு) மணிமேடை தனியா நிக்கும், எங்க அப்பா காலத்துக்கும் முந்தினது. இதுல அது இல்ல. எங்க தெரு இவ்வளவு சரிஞ்சும் போகாது" என்றார். வேண்டும் என்று வந்ததை ஆதாரம் பார்த்து வேண்டாம் என்று சொன்னது அவர்தான். அந்த நேர்மை எங்களுக்குப் பெரிய உதவி.

புறப்படும்போது, கடை ஒன்றின் மேல் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி, "மலையாளத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இது மலையாளம் இல்லியே. உங்க தமிழல்லவா?" என்றார்.

எனக்கு அது தமிழாகப் படவில்லை என்பதால்தான் மலையாளம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மலையாளமாகப் படவில்லை, அதனால் தமிழ் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இது மனதைக் குடைந்தது. இரண்டு பக்கத்தாரும் மற்றவருடையது என்று சொல்லும் எழுத்து என்ன எழுத்து?

பெயர்ப்பலகை

அட்டையில் அந்தப் பலகையின் அகலம் நான்கு மில்லிமீட்டர்தான். அதுவரை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேனை வைத்துத்தான் வேலை பார்த்திருந்தோம். அன்றிரவு 2400 டிபிஐயில் மறுபடி எடுத்தேன். பலகைக்கு மட்டும் ஏறத்தாழ 380 புள்ளிகள் கிடைத்தன. அடுத்தடுத்து இரண்டு 'ப' தெளிவாகத் தெரிந்தது. அதுதான் இத்தனை நாள் ஏமாற்றியதும். 'ப' இடவலம் மாறினாலும் 'ப'வாகவே இருக்கும். அவற்றுக்கு இடப்பக்கம் ஒரு கோணம்: படுக்கைக் கோடு ஒன்று, அதன் வலது முனையில் நிமிர்ந்து நிற்கும் கோடு ஒன்று. தமிழிலும் கிடையாது, மலையாளத்திலும் கிடையாது. 'ட'வுக்கு நிமிர்கோடு இடப்பக்கம் அல்லவா இருக்கும்?

படத்தை இடவலமாகத் திருப்பினேன். 'உப்புக்கடை' என்று வந்தது.

எங்கள் ஊரில் கடைத்தெரு தொடங்கும் வளைவுக்கு 'உப்புக்கடை முக்கு' என்று பெயர். இன்று அங்கே செல்போன் கடையும் ஒரு பேக்கரியும் இருக்கின்றன. உப்புக்கடை எப்போது இருந்தது, எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் வாயில் தங்கியிருக்கிறது.

மற்றவையும் அதன்பின் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. திருப்பிய படத்தில் நிழல் வலப்பக்கம், வடமேற்காக விழுகிறது. சூரியன் தென்கிழக்கில். மார்கழி மாதக் காலை, எட்டரை மணி வாக்கில் இந்த ஊரில் விழும் நிழல் அது. நான்கு ஆண்களின் முண்டும் அட்டையில் இடப்பக்கமாக உடுத்தியதாகத் தெரிந்தது. கேரளப் பகுதியில் பொதுவாக முஸ்லிம்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் உடுத்துவது வழக்கம். கோயில் தெருவில் நால்வரும் முஸ்லிம்களா என்று முதலில் யோசித்ததுண்டு. திருப்பினால் நால்வரும் வலப்பக்கம். மாட்டுவண்டி சாலையின் இடப்பக்கம் வந்துவிடுகிறது. இவை இரண்டையும் துணைச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். உடுத்துவதிலும் வண்டி ஓட்டுவதிலும் ஆளுக்கு ஆள் மாறும்.

சுமைதாங்கியைத் தேடிப் போனோம். சாலை உயர உயர அது புதைந்து, மேல்கல் முழங்கால் உயரத்தில், பேக்கரி வாசலில் தண்ணீர்க்குடம் வைக்கிற மேடையாக நின்றுகொண்டிருந்தது. தினமும் கடந்து போனவர்கள் நாங்கள்.

ஆண்டு

முதுகின் பென்சில் எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், விளக்கை மேசையோடு தாழ்த்திப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தது இடைவெளி அல்ல, பசைக்கறை. எண் 1103. பக்கத்துக் கிறுக்கல் மலையாள எழுத்தில் 'தனு'. வாசித்தது அந்தக் குடும்பத்தின் எல்லை தாண்டிய மருமகள்.

1103 என்பது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கும் கணக்கு அது. சிங்கம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (நம் ஆடி) முடியும் வரை 825. தனு நம் மார்கழி. ஆக 1927 டிசம்பர் நடுவிலிருந்து 1928 ஜனவரி நடுவுக்குள். நிழல் சொன்ன மாதமும் அதுவே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகள் ஒரே இடத்தில் வந்து நின்றபோதுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

படம் ஏன் திரும்பியது

கண்ணாடித் தகட்டு நெகட்டிவில் ஒரு பக்கம் பூச்சு, மறுபக்கம் வெறும் கண்ணாடி. பூச்சுப் பக்கத்தைப் புகைப்படத் தாளோடு ஒட்டி வைத்து ஒளி காட்டினால் படம் நேராக விழும். தலைப்பு எழுத வேண்டுமானால் பூச்சின் மேல் கண்ணாடி எழுத்தாக, இடவலம் மாற்றி எழுத வேண்டும். அது கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிற வேலை. மை பூச்சில்தான் நன்றாகப் பிடிக்கும். இந்தப் படத்தை எடுத்தவர் பூச்சின் மேல் நேர் எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுத்து நேராக விழுவதற்காகத் தகட்டைத் திருப்பி, கண்ணாடிப் பக்கத்தைத் தாளோடு வைத்திருக்கிறார். எழுத்து நேரானது, தெரு திரும்பியது. பூச்சுக்கும் தாளுக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் வந்துவிட்டதால் ஒளி சற்றுப் பரவி, படம் முழுதும் மங்கியது. லென்ஸ் மட்டமானது என்று நான் நினைத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தலைப்பு நேராக இருந்ததால் படமும் நேராகத்தான் இருக்கும் என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம்.

மலரில் எப்படிப் போட்டோம்

இங்கே ஒரு சிக்கல். படத்தைத் திருப்பினால் தலைப்பு இடவலம் மாறிப் போகும். வடிவமைப்பாளர், தலைப்பை மட்டும் வெட்டி எடுத்து நேராக ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு அட்டை உலகத்தில் இருந்ததே இல்லை. நாளை ஒருவர் இந்த மலரை ஆதாரமாகக் காட்டுவார். கடைசியில், அட்டைப்படமாகத் திருப்பிய படத்தைத் தலைப்பு வரும் அடிப்பகுதியை விட்டுவிட்டுப் போடுவது, உள்ளே அஞ்சலட்டையின் இரண்டு பக்கங்களையும் உள்ளது உள்ளபடி, நகம் அளவு வெள்ளைக் கறையோடு போடுவது என்று முடிவானது. அழைப்பிதழில் வந்த 1903 தவறு என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டார்கள். குழு அதற்குத் தயங்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உரிமைச் சிக்கல் இல்லை. எடுத்தவர் பெயர் தெரியாத படைப்புக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை.

அட்டை குடும்பத்திடமே இருக்கிறது. பிவிசி உறை வேண்டாம், அது காலப்போக்கில் படத்தில் ஒட்டும் என்று சொல்லி, பாலியெஸ்டர் உறை வாங்கிக் கொடுத்தோம். கடற்கரை ஈரத்துக்காக டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மாதம் ஒரு தடவை மாற்றுகிறார்கள். லேமினேஷன் செய்ய நினைத்திருந்ததைக் கைவிட்டார்கள்.

திருப்பிய படத்தோடு பாட்டியிடம் மறுபடி போனோம். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகு சாதாரணமாக, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சுமைதாங்கியிலிருந்து விரலை நகர்த்தி ஒவ்வொரு கடைக்கும் பெயர் சொல்லத் தொடங்கினார். அவர் பிறப்பதற்கு முந்திய படம் அது. இருந்தும் மூன்றாவது ஓட்டுக்கூரை வரை சொன்னார். நான்காவது கடை ஈரப்பஞ்சு பட்ட வெள்ளையில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இங்கதான் எங்க அப்பா வலைக்கு நூலு வாங்குவாரு" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது பழைய புகைப்படம் எது வந்தாலும், இடம் தேடுவதற்கு முன்பே திருப்பிய நகல் ஒன்றையும் எடுத்து வைக்கிறேன். பெரியவர்களிடம் இரண்டையும் தருகிறேன், எது எது என்று சொல்வதில்லை. எழுத்து எங்கே தெரிந்தாலும் முதல் நாளே 2400 டிபிஐயில் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கிறேன். முதுகின் பென்சில் எழுத்தை மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் ஆண்டு எழுதுவதில்லை.

படிவத்தில் இருந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மூன்று வெற்று வரிகள் இருக்கின்றன: எது எது தெரிகிறது, எது இடம் மாறியிருக்கிறது, எது இல்லை. சொன்னவரின் சொல்லிலேயே எழுதுகிறோம்.